நாய்க் கொட்டிலுக்கு அடுத்த இரண்டு அறை

இஸ்ரவேல் மேஸ்திரி நாய்க்கு வீடு கட்டப் போகிறார் என்று தெரிந்ததும் முதலில் வாயைத் திறந்தவள் அவருடைய அண்ணி ஜேன்தான்.

"நாய்க்கு எத்தனை ரூமு?"

"ஒண்ணுதான் அண்ணி. வெளியில ஓடறதுக்குத் தனியா இடம்."

"கதவு?"

"இருக்கு. ரெண்டு."

"அப்போ மோலிக்கு ஒரு கார்டு போட்டுடுங்க. அடுத்த பிறவியில டெப்போ நாயா வந்துடச் சொல்லுங்க."

இஸ்ரவேல் சிரித்துக்கொண்டே ரசத்தை ஊற்றிக்கொண்டார். ஜேன் கெட்டவள் இல்லை. ஐந்து பிள்ளைகளையும் சமாளித்து, கொழுந்தனுக்கும் சேர்த்து வடிக்கிறவள், நாலு வார்த்தை பேசத்தான் செய்வாள். மைசூர் லஷ்கர் மொகல்லாவில் அண்ணன் சகாயநாதன் வீட்டுக் கூடத்தில் ஒரு கயிறு கட்டி, அதில் பச்சைத் துப்பட்டி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். துப்பட்டிக்கு அந்தப் பக்கம் இஸ்ரவேலின் கட்டிலும் பெட்டியும். கல்யாணமான புதிதில் அவர் மனைவி மோலியும் அந்தத் துப்பட்டிக்குப் பின்னால்தான் குடித்தனம் செய்தாள். நாலு வருஷம். இந்தப் பக்கம் பிள்ளைகள் படிப்பார்கள். அண்ணன் இருமுவார். ஒரு நாள் துப்பட்டி ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சித்தி அழறாங்க" என்று கடைக்குட்டி கூடம் முழுக்க அறிவித்தது. அடுத்த மாதமே மோலி தங்கவயல் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் போய்விட்டாள். அங்கே நர்சுகளுக்குக் குடியிருக்க இடம் உண்டு.

சண்டை போட்டுப் போகவில்லை. போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனாள். "உள்ள தாழ்ப்பாள் போடற மாதிரி ஒரு கதவு இருக்கற இடம் பாருங்க. ஒரு ரூமா இருந்தாலும் சரி. அன்னிக்கே வந்துடறேன்." அது ஆகிவிட்டது ஏழு வருஷம். ஈஸ்டருக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை வந்து பத்துப் பத்து நாள் இருந்துவிட்டுப் போவாள். போன பிறகு தலையணையில் தேங்காய் எண்ணெய் வாசனை மூன்று நாள் இருக்கும். நாலாவது நாள் ஜேன் உறையைத் துவைக்கப் போட்டுவிடுவாள்.

இஸ்ரவேல் ஊர் ஓரத்துச் சந்தனக் கட்டை டெப்போவில் கட்டட மேஸ்திரி. பதினெட்டு வருஷமாகத் தினக்கூலிதான். காட்டிலிருந்து வரும் சந்தன மரங்களை அங்கே செதுக்கி, வைரத்தை, மணமுள்ள நடுக்கட்டையை, வேறாக எடுத்து அடுக்கிவைப்பார்கள். வெளியே போகிற ஒவ்வொருவரையும் வாசலில் தடவிப் பார்ப்பார்கள். தலைத்துண்டை உதறிக் காட்ட வேண்டும், சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து காட்ட வேண்டும். நடுவில் யுத்த காலத்தில் இரண்டு வருஷம் பெங்களூர் ராணுவ முகாமில் இஸ்ரவேல் வேலை பார்த்தார். குதிரை லாயம், கோவேறு கழுதைக் கொட்டில், காவல் நாய்களுக்கான கொட்டில் என்று அங்கே கட்டியதெல்லாம் மிருகங்களுக்குத்தான். அது இப்போது உதவியது.

ஐம்பத்தேழாம் வருஷம் ஜனவரியில் டெப்போ ஆபீசர் பசவராஜ் அவரைக் கூப்பிட்டனுப்பினார். கொள்ளேகால் பக்கம் அதுவரை மதராஸ் ராஜ்யத்தில் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் மைசூரோடு சேர்ந்திருந்தது. அந்தக் காட்டிலிருந்து வைக்கோல் வண்டிகளில் திருட்டுச் சந்தனம் வருகிறது, மோப்பம் பிடிக்க நாய் வாங்குகிறோம் என்றார். குடகிலிருந்து சீமைக்குத் திரும்பிப் போகிற ஒரு காப்பித் தோட்டக்காரர் நாலு அல்சேஷன் நாய்களைக் கொடுக்கிறாராம். பசவராஜ் வரைபடம் ஒன்றை விரித்தார். சதுரமாக நாலு அறை, நடுவில் முற்றம், மேலே தகரம்.

"ஏனு மேஸ்திரி, சரிதானே?" என்று கன்னடம் கலந்து கேட்டார்.

"தகரம் வேண்டாங்க சார். மார்ச் மாசம் நாய் வெந்துடும். மங்களூர் ஓடு போடுவோம்."

"ஆயித்து. அப்புறம்?"

"சதுரம் வேண்டாம். சதுரமா இருந்தா நாய் ஒரே இடத்துல சுத்தும், சுத்திச் சுத்தி வெறி புடிக்கும். குறுகலா, நீளமா இருந்தா ஓடும். பட்டாளத்துல அதை ரன்னும்பாங்க. ஒவ்வொரு நாய்க்கும் தனி ரன். இருபத்தஞ்சு அடி."

"ஒரு நாய்க்கு இருபத்தஞ்சு அடியா?"

"படுக்கிற அறை சின்னதுதான் சார். நாய் நின்னு ஒரு தரம் திரும்ப இடம் இருந்தாப் போதும். பெரிசாக் கட்டினா அதோட உடம்புச் சூடு தங்காது, மழைக்காலத்துல நடுங்கும்."

பசவராஜ் தன் படத்தைச் சுருட்டிவிட்டார். பிடிவாதக்காரர்தான், ஆனால் வேலை தெரிந்தவன் பேச்சைக் கேட்பார். பேனாவை மூடிக்கொண்டு, போகிற போக்கில் ஒன்று சொன்னார். நாய்களைப் பழக்க ஒரு ஆளை எடுத்தாகிவிட்டது. தீனி போட்டு, கொட்டிலைப் பராமரிக்க இன்னொரு ஆள் வேண்டும். நிரந்தர வேலை. கொட்டிலுக்கு அடுத்தாற்போல் பழைய தராசுக் கட்டடம் சும்மா இருக்கிறது, இரண்டு அறை, அது அந்த ஆளுக்கு. "நாய் வேலை செஞ்சு காட்டட்டும், உன் பேரை எழுதறேன்."

அன்று மத்தியானம் இஸ்ரவேல் சாப்பிடவில்லை. தராசுக் கட்டடத்தைப் போய்ப் பார்த்தார். முன்னறை பத்துக்குப் பன்னிரண்டு. பின்னறையில் புகைபோக்கி வைக்க இடம் இருந்தது. கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போட்டார், எடுத்தார், மறுபடியும் போட்டார். பெருக்குகிற தேவம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "உள்ள யாரை வெச்சுப் பூட்டறே மேஸ்திரி?" என்று கேட்டாள்.

கொட்டில் ஆறு வாரத்தில் எழும்பியது. தென்மேற்கு மழை முதுகில் அடிக்கும்படி பின்சுவரைக் கட்டினார். அறைக் கதவைச் சுவரின் நடுவில் வைக்காமல் ஓரத்தில் வைத்தார், காற்று நேராகப் படுக்கையில் வீசாதபடி. உள்ளே தரைக்கு அரை அடி உயரத்தில் பலகை. ரன்னுக்கும் ரன்னுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர், அதற்கு மேல்தான் கம்பி வலை. பக்கத்து நாயின் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எந்த நாய்க்கும் தூக்கம் வராது. தரையை வெளிப்பக்கம் சரித்து, சாக்கடையை வலைக்கு அப்பால் வைத்தார். வாசலுக்கு இரட்டைக் கதவு. ஒன்றைச் சாத்திவிட்டுத்தான் மற்றதைத் திறக்க முடியும்.

படுக்கைக்கு என்ன போடுவது என்பதுதான் பாக்கி. வைக்கோல் போட்டால் உண்ணி வரும். டெப்போ முற்றத்தில் செதுக்கிப் போட்ட வெள்ளைக் கட்டைச் சீவல் மலையாகக் கிடந்தது. வைரத்தைச் சுற்றியிருக்கும் தோல் மாதிரியான கட்டை அது, எண்ணெய் கிடையாது, யாருக்கும் வேண்டாம். மெத்தென்று இருந்தது, பூச்சியும் அண்டாது. இஸ்ரவேல் பசவராஜிடம் கேட்டு, நாலு அறையிலும் அதைச் சாண் கனத்துக்குப் பரப்பினார். ஒவ்வொரு சனிக்கிழமையும் மாற்றிப் போட்டார். அதில் அவருக்கு ஒரு பெருமை கூட.

பழக்குகிறவன் பழனி என்கிற ஆள். ராமாபுரத்துக்காரன், பட்டாளத்தில் நாய் பழக்கியவன், முப்பத்தைந்து வயசு இருக்கும். நாய்களிடம் இங்கிலீஷிலும் மனுஷரிடம் கொங்குத் தமிழிலும் பேசுவான். கொட்டில் முடிகிறவரை ஊருக்கு வெளியே ஒரு தோப்பில் நாய்களை வைத்துப் பழக்கினான். வைக்கோலில் சந்தனத் துண்டை ஒளித்து வைத்தால் நாலும் குரைத்தன. அதில் டாலி என்கிற பெட்டை நாய்தான் கெட்டிக்காரி. மார்ச் மாதம் நாய்கள் கொட்டிலுக்கு வந்தன. டாலி ரன்னில் நாலு தடவை முன்னும் பின்னும் ஓடிப் பார்த்தது, அறைக்குள் போய்ச் சீவலைப் பிறாண்டியது, மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்தது.

"ஏனுங்க மேஸ்திரி, எனக்கே இதுல படுத்துக்கலாம்னு தோணுதுங்க" என்றான் பழனி.

மே மாதம் பெரிய ஆபீசர்கள் பெங்களூரிலிருந்து பரீட்சை பார்க்க வந்தார்கள். டெப்போவுக்கு வெளியே மைதானத்தில் ஐந்து வைக்கோல் வண்டிகள். மூன்றாவதில் ஒரு கட்டுச் சந்தனம், அடியில். பழனி டாலியை அவிழ்த்து விட்டான். அது முதல் வண்டியைச் சுற்றியது, இரண்டாவதைச் சுற்றியது. மூன்றாவதில் தாவி ஏறியது. வைக்கோலைப் பிறாண்டியது. டாலி மூன்று சுற்றுச் சுற்றி, வாலுக்குள் மூக்கை வைத்துப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டது.

பழனி விசிலடித்தான். டாலி ஒரு காதை மட்டும் அசைத்தது.

பெரிய ஆபீசர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு யாரும் சிரிப்பை அடக்கவில்லை. மற்ற மூன்று நாய்களும் அதே மாதிரிதான், ஒன்று குறட்டை கூட விட்டது. ஆபீசர் ஜீப்பில் ஏறும்போது பசவராஜிடம் உத்தரவு சொல்லிவிட்டுப் போனார். பழக்குகிறவனை அனுப்பிவிடுங்கள், நாய்களை வாசலில் சங்கிலி போட்டுக் கட்டுங்கள், காவலுக்காவது குரைக்கட்டும்.

பசவராஜின் முகம் கறுத்திருந்தது. ஆனாலும் இஸ்ரவேலைப் பார்த்து, "உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது. காவல் நாய்க்கும் தீனி போட ஆள் வேணுமே. ஜூன் ஒண்ணாம் தேதி சாவி வாங்கிக்கோ" என்றார்.

இஸ்ரவேல் அன்றைக்கே தபாலாபீஸில் நின்றுகொண்டு மோலிக்கு எழுதினார். அவர் கடிதம் எப்போதும் சின்னது. இது இன்னும் சின்னதாக இருந்தது. "இரண்டு அறை. சமையலுக்குப் பின்னறை. உள்தாழ்ப்பாள் இரும்பு. ஜூன் முதல் வாரம் வா."

அந்த வாரம் பூராவும் அவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. தோப்பில் குரைத்த நாய் இங்கே ஏன் தூங்கியது? புதன்கிழமை கொட்டிலைக் கழுவும்போது ஒரு கை சீவலை எடுத்து முகர்ந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. பதினெட்டு வருஷமாக அந்த முற்றத்தில் மூச்சு விடுகிற மூக்கு. சீவலை ஒரு காகிதத்தில் மடித்து, வாசல் காவலாளியிடம் காட்டிவிட்டு வீட்டுக்கு எடுத்துப் போனார். ஜேன் அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள்.

"என்ன, பூஜை சாமான் கொண்டாந்திருக்கீங்களா? கோயில் மாதிரி மணக்குது."

"இதா? இது வெறும் கழிவு அண்ணி."

"உங்க சட்டை மணக்கறதுதான் தினம் தெரியுமே. இது அதைவிட ஜாஸ்தி."

துப்பட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வைரத்தைச் செதுக்குகிற அதே வாச்சி, அதே முற்றம், அதே தூசி. வெள்ளைக் கட்டையில் மணம் இல்லை என்று டெப்போவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டெப்போவில் யாருக்கும்தான் மூக்கு இல்லையே. இரண்டு மாதமாக அந்த நாய்கள் சந்தனத்தின் மேல் படுத்து எழுந்திருக்கின்றன. அவற்றுக்கு அந்த வாசனை திருட்டு இல்லை, படுக்கை. டாலி தப்புப் பண்ணவில்லை. ஐந்து வண்டியில் சரியான வண்டியைக் கண்டுபிடித்து, அதில் போய்ப் படுத்தது.

இதைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் கூடவே தெரிந்துவிட்டது. சீவலை மாற்றினால் தீராது, டெப்போ காற்றே சந்தனம். இங்கே இருந்தால் அது காவல் நாய். மோப்ப நாயாக இருக்க வேண்டுமென்றால் இங்கே இருக்கக் கூடாது. நாய் போனால் தீனி போடுகிறவனும் போக வேண்டும். காட்டு ரோட்டில் எந்தத் தராசுக் கட்டடம் இருக்கிறது?

வியாழன் பேசவில்லை. வெள்ளியும் பேசவில்லை. வாசலில் டாலி சங்கிலி போன மட்டும் வட்டமடித்து, மண்ணில் ஒரு தடம் போட்டிருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் உள்ளே போகப் பழகிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை பழனி தகரப் பெட்டியோடு வந்து நின்றான்.

"போயிட்டு வரனுங்க மேஸ்திரி."

"எங்க போறே?"

"ஊருக்குத்தானுங்க. வேற எங்க? ஒண்ணு சொல்லிட்டுப் போறனுங்க. உங்க கொட்டில்ல ஒரு குத்தமும் இல்லீங்க. பட்டாளத்துலகூட நான் இப்படிப் பாக்கல. குத்தமெல்லாம் எம்பட பழக்கத்துல இருக்குதுங்க. எங்கியோ கோட்டை விட்டுட்டேன், எங்கேன்னுதான் தெரியல."

இஸ்ரவேல் பெட்டியை அவன் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். "கொஞ்சம் இரு" என்றார். நேராகப் பசவராஜின் அறைக்குப் போனார்.

அன்று சாயந்திரம் ஹுணசூர் ரோட்டில், டெப்போவிலிருந்து நாலு மைல் தள்ளி, பசவராஜே ஐந்து வண்டிகளை நிறுத்திப் பார்த்தார். டாலி நாலாவதில் ஏறிப் படுத்தது. சந்தனத்தை இரண்டாவதுக்கு மாற்றினார். டாலி இரண்டாவதில் படுத்தது. எங்குமே வைக்காமல் விட்டார். டாலி ஐந்தையும் முகர்ந்துவிட்டு ரோட்டில் நின்று எல்லார் முகத்தையும் பார்த்தது.

"குரைக்காத நாய் இன்னும் நல்லது" என்றார் பசவராஜ். "திருடனுக்குத் தெரியாது. வைக்கோல் படுக்கையே போடு, உண்ணிக்கு மருந்து வாங்கித் தரேன். ராமாபுரத்துல செக்போஸ்ட் போடறோம். மாதேஸ்வரன் மலை பஸ், வண்டி எல்லாம் அந்த வழிதான். கொட்டிலை அங்க கட்டு. பழனிக்கு அவன் ஊரே ஆச்சு." கொஞ்சம் நிறுத்தி, "நாய் இங்கிருந்து போயிடும்னு தெரிஞ்சுதான் வந்து சொன்னியா, மேஸ்திரி?" என்றார்.

"தெரியும் சார்."

"வேலை நிரந்தரம்தான். அதுல மாத்தம் இல்லை. வீடுதான் அங்க இல்லை. கூடாரம் ஒண்ணு தருவாங்க."

மோலிக்கு மூன்று கடிதம் எழுதினார். மூன்றையும் தபாலில் சேர்க்காமல் தன் பெட்டிக்குள் போட்டார். ஜூன் நாலாம் தேதி ரயில் வந்தது. மோலி இறங்கினாள், ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கூஜா, சாக்கில் கட்டிய அம்மிக்குழவி. நாற்பது வயசில் கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தாள். பிளாட்பாரத்திலேயே அவர் சொல்லிவிட்டார், நாயிலிருந்து தொடங்கி, கூடாரம் வரை. அவள் கூஜா மூடியைத் திருகித் திருகித் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வேலையை விட்டுட்டு வந்துட்டியா?" என்று கடைசியில் கேட்டார். அதைக் கேட்கத்தான் அவருக்குப் பயம்.

"லீவு. பதினாறு நாள்."

"லீவா?"

"உங்க கடுதாசி வந்தது. மேட்ரன் கிட்டப் போய் ராஜினாமா எழுதத்தான் உக்காந்தேன். அப்புறம் லீவுன்னு எழுதிட்டேன். பதினோரு வருஷமா உங்களைத் தெரியும்." தண்ணீர் குடித்தாள். "ஆனா அம்மிக்குழவியை மட்டும் எடுத்துட்டு வந்தேன் பாருங்க. அம்மி அங்கயே இருக்கு. ஏன் எடுத்துட்டு வந்தேன்னு எனக்கே புரியல."

போகிற வழியில் டெப்போவைப் பார்க்க வேண்டும் என்றாள். சாவி இன்னும் யாருக்கும் கொடுக்கப்படவில்லை, தேவம்மா திறந்துவிட்டாள். மோலி இரண்டு அறைக்கும் போனாள். பின்னறை ஜன்னலைத் திறந்தாள், புகை போகுமா என்று அண்ணாந்து பார்த்தாள், சுவரில் மூன்று இடத்தில் தட்டினாள். பிறகு கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அவரும் உட்கார்ந்தார். வெளியே கட்டை செதுக்குகிற சத்தம் கேட்டது. தேவம்மா கதவைத் தட்டவில்லை.

"சொல்லாம இருந்திருக்கலாம்" என்றாள் மோலி.

"ஆமா."

"இருந்திருந்தா இப்போ அடுப்பு பத்த வெச்சிருப்பேன்." எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "அந்த ஆளுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"பழனிக்கா? மூணு."

"சரி, வாங்க. அண்ணி சோறு வெச்சுட்டுக் காத்துட்டிருப்பாங்க."

பதினாறு நாளும் துப்பட்டிக்குப் பின்னால் கழிந்தது. பதினேழாவது நாள் அவள் தங்கவயலுக்கு ரயிலேறினாள். அதற்கடுத்த வாரம் இஸ்ரவேல் நாலு நாய்களோடும் பழனியோடும் லாரியில் ராமாபுரம் போனார். ரோட்டோரத்தில் கொட்டில் கட்டினார். அங்கே ரன்னை முப்பது அடி நீளமாக விட்டார், இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆகஸ்டில் ஒரு சோளத்தட்டை வண்டியில் டாலி ஏறிப் படுத்தது. வண்டிக்காரன் ஓடியதில் ஒரு செருப்பை விட்டுவிட்டுப் போனான்.

செப்டம்பரில் மோலியின் கடிதம் வந்தது. டிசம்பரில் பன்னிரண்டு நாள் லீவு கேட்டிருக்கிறாளாம். கூடாரத்துக்குக் கதவு உண்டா என்று அவள் கேட்கவில்லை. கொள்ளேகாலிலிருந்து எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும், அதை மட்டும் தெளிவாக எழுதச் சொல்லியிருந்தாள்.

இறங்குகிற இடத்தைப் பற்றிக் கவலையே இல்லை. எல்லா பஸ்ஸும் செக்போஸ்டில் நின்றுதான் ஆக வேண்டும். சாயந்திரம் ஐந்தரைக்கு வருகிற கொள்ளேகால் பஸ்ஸில், மலைக்குப் போகிற யாத்திரைக்காரர்களின் மூட்டைகளை முகர டாலியை ஏற்றுவார்கள். அது பழனியின் வேலை. தீனி போடுகிறவன் வர வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் அந்தக் கடிதம் வந்ததிலிருந்து இஸ்ரவேல் கையைக் கழுவிக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு, நாய்க்குப் பின்னால் பஸ்ஸில் ஏறிக் கடைசி சீட்டு வரை போய்த் திரும்பினார்.

"டிசம்பருக்கு இன்னும் மூணு மாசம் கெடக்குதுங்க, மேஸ்திரி" என்றான் பழனி.

"தெரியும்."

"நாய் மூட்டையப் பாக்குது. நீங்க யாரைப் பாக்கறீங்க?"

"பஸ்ஸு தினமும் இதே நேரத்துக்குத்தான் வருதான்னு பாத்துக்கறேன்" என்றார் இஸ்ரவேல். மறுநாள் பஸ் இருபது நிமிஷம் தாமதம். அவர் ரோட்டிலேயே நின்றிருந்தார்.